வீட்டில் கேட்ட மொழி: வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் ஆங்கிலக் கவிதையில் ஸ்பானியத்தின் தடம்



தமிழுக்கென நடைபெறும் இச்சொற்பொழிவுத் தொடரில், ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அமெரிக்கக் கவிஞரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என நீங்கள் எண்ணக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், நாம் இளம் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஒரு மாணவன் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதினான். பாட்டி விடியற்காலையில் ‘பசாருக்கு’ப் போய் மீன் வாங்கி வருவார் என்று அதில் ஒரு வரி இருந்தது. நாம் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘சந்தை’ என்று எழுதினோம். ஏட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பையன், “பாட்டி அப்படிச் சொல்ல மாட்டாங்களே, சார்” என்றான். “தேர்வில் இப்படித்தான் எழுத வேண்டும்” என்று விடையளித்து அனுப்பிவிட்டோம். நாம் கூறியது தேர்வைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அவன் கேட்டது தேர்வைப் பற்றியதன்று. அவனுக்கு உரிய விடையை நாம் அன்று அறிந்திருக்கவில்லை. பின்னாளில் மொழித்தொடர்பு பற்றிய ஆய்வில் ஈடுபட்டபோது, வில்லியம்ஸ் என்னும் கவிஞரைப் படிக்கையில் அதன் ஒரு பகுதி கிடைத்தது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

1. ரூதர்போர்டில் ஒரு வீடு

வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1883 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ரூதர்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். 1906இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் தம் சொந்த ஊரிலேயே மருத்துவராக வாழ்ந்து, 1963 மார்ச் 4 அன்று அங்கேயே மறைந்தார். அவ்வாண்டே அவருடைய இறுதிக் கவிதைத் தொகுதிக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கவிஞர்களுள் ‘அமெரிக்கப் பேச்சுமொழியின் கவிஞர்’ என்று அடையாளம் காட்டப்படுபவர் அவர். இங்கிலாந்தின் ஆங்கிலம் வேறு, அமெரிக்கர் நாவில் வழங்கும் ஆங்கிலம் வேறு, அதன் கவிதையும் வேறாக இருந்தாக வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர்.

இத்தகையவரின் பிறந்த வீட்டில் அன்றாடம் புழங்கிய மொழி எது? அது பெரிதும் ஸ்பானியம். தாயார் எலேனா, புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் மாயாகுவேஸ் நகரில் பிறந்தவர். ஓவியம் கற்கப் பாரிசுக்குச் சென்று, பணமின்மையால் கல்வியை முடிக்க இயலாமல் திரும்பியவர். தந்தையார் வில்லியம் ஜார்ஜ் வில்லியம்ஸ் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே கரிபியன் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே ஸ்பானியம் பேசும் மக்களிடையே வளர்ந்தவர். நறுமணப் பொருள் வணிகத்தின் பொருட்டு இலத்தீன் அமெரிக்க நாடுகளில் சுற்றியவர். அமெரிக்காவில் இத்தனை காலம் வாழ்ந்தும் பிரித்தானியக் குடியுரிமையைக் கைவிடாதவர். கணவனும் மனைவியும் தமக்குள் பேசிக்கொண்டது ஸ்பானியத்தில். தாயார் பிரெஞ்சும் பேசுவார். உடனிருந்த தந்தைவழிப் பாட்டியோ ஆங்கிலம் பேசுபவர். தாம் வளர்ந்த காலத்தில் வழக்கமாகக் காதில் விழுந்தவை ஸ்பானியமும் பிரெஞ்சுமே என்று வில்லியம்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆக, அமெரிக்க ஆங்கிலத்தின் தனித்தன்மையை நிலைநாட்டிய கவிஞர், ஆங்கிலம் அடுப்படி மொழியாக இல்லாத வீட்டில் வளர்ந்தவர். இது தற்செயலா? அல்லது இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? இதுவே நம் வினா.

2. பிழையில்லாத செல்வாக்கு

மொழியியலார் இவ்வினாவை அணுகும் வழக்கமான முறை ஒன்றுண்டு. யூரியல் வைன்ரைக் 1953இல் வெளியிட்ட மொழித்தொடர்பு பற்றிய நூல் இத்துறைக்கு அடிப்படையானது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை அறிந்திருப்பதால் அவர் பேச்சில் ஏதேனும் ஒரு மொழியின் நெறியிலிருந்து ஏற்படும் விலகலை அவர் ‘குறுக்கீடு’ என்றார். ஒலியில், சொல்லில், தொடரமைப்பில் இக்குறுக்கீட்டைத் தேடிப் பட்டியலிடுவதே பல பத்தாண்டுகளாக ஆய்வாளர் பணியாக இருந்தது. நாமும் அப்பணியைச் செய்தவர்தாம்.

வில்லியம்ஸின் கவிதைகளில் இக்கருவியைக் கொண்டு தேடினால் கையில் மிகுதியாக எதுவும் அகப்படாது. அவருடைய ஆங்கிலத்தில் ஸ்பானியத் தொடரமைப்பு இடறுவதில்லை. ஸ்பானியச் சொற்கள் ஆங்காங்கே வருகின்றன; ஆனால் அவற்றை எண்ணினால் மொத்தப் படைப்பில் சிறு துளியே. எனவே செல்வாக்கு இல்லை என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பது, விலகலை மட்டுமே அளக்கும் கருவியால் செல்வாக்கு முழுவதையும் அளந்துவிட்டதாக எண்ணுவதாகும். பிழை உண்டாக்காத செல்வாக்கும் உண்டு. அதனை மூன்று இடங்களில் காணலாம்: பெயரிடுதலில், யாப்பைக் கேட்கும் செவியில், மொழிபெயர்ப்பில்.

3. பெயரும் தலைப்பும்

முதலில் அவருடைய பெயரையே எடுத்துக்கொள்வோம். 1909இல் சொந்தச் செலவில் அச்சிட்ட முதல் தொகுதியில் அவர் ‘வில்லியம் சி. வில்லியம்ஸ்’. அத்தொகுதியின் கவிதைகள் கீட்சின் நிழலில் எழுதப்பட்டவை. பின்னாளில் அவரே அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1913இல் லண்டனில் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் ‘சி.’ விரிந்து ‘கார்லோஸ்’ ஆகிறது. கார்லோஸ் என்பது புவேர்ட்டோ ரிக்கோவில் மருத்துவராயிருந்த தாய்மாமனின் பெயர். இருபுறமும் ஆங்கிலப் பெயர் காவலிருக்க, நடுவில் ஸ்பானியப் பெயர். ஆராய்ச்சியாளர் ஹூலியோ மார்சான் 1994இல் வெளியிட்ட நூலில், இக்கவிஞரின் ஸ்பானிய அமெரிக்க வேர்களை விரிவாக ஆராய்ந்து, இப்பெயரின் இருமையையும் எடுத்துக்காட்டியுள்ளார். பெயரை விரித்து எழுதிய அதே தொகுதியில் பழைய ஸ்பானியக் கதைப்பாடல்களின் மொழிபெயர்ப்புகளும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

அடுத்து 1917. பாஸ்டனில் வெளிவந்த மூன்றாவது தொகுதியின் தலைப்பே ஸ்பானியம்: ‘ஆல் கே கியேரே!’. விரும்புவோனுக்கு என்பது பொருள். ஆங்கிலத்தில் இதனைச் சொல்ல ‘எவன் அதை விரும்புகிறானோ அவனுக்கு’ என்றவாறு நீட்ட வேண்டியிருக்கும். தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. நம் வினையாலணையும் பெயர் ஒரே சொல்லில் இதனை முடித்துவிடுகிறது. மேலும் ஸ்பானிய வினைச்சொல்லான ‘கெரேர்’ வேண்டுதலையும் அன்பு கொள்ளுதலையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வினைகளை வைத்திருக்கிறது. பந்தாட்டத் திடலில், பந்து தன்னிடம் வர வேண்டும் என நிற்கும் ஆட்டக்காரனைத் தாம் எண்ணியதாகக் கவிஞர் விளக்கியுள்ளார். கவிதை என்பது வேண்டுவோனுக்கு உதைத்து அனுப்பப்படும் பந்து! இவ்வளவையும் மூன்று சிறு சொற்களில் அடக்க ஸ்பானியமே அவருக்குக் கைகொடுத்தது.

அத்தொகுதியில் நான்கே அடிகள் கொண்ட ஒரு கவிதைக்கு ‘எல் ஓம்ப்ரே’ என்று பெயர். கவிதை முழுவதும் ஆங்கிலம். தலைப்பு மட்டும் ஸ்பானியம். விடியலில் தனித்து ஒளிரும் விண்மீனை நோக்கிப் பேசுவது அது. வாலஸ் ஸ்டீவன்ஸ் என்னும் மற்றொரு பெருங்கவிஞர் இதனைக் கருவாக எடுத்துக்கொண்டு, மறு ஆண்டே தாமும் ஒரு கவிதை எழுதினார். தலைப்பு ஏன் மொழிபெயர்க்கப்படவில்லை? ‘எல்’ என்பது சுட்டடை; ‘ஓம்ப்ரே’ என்றால் மனிதன், ஆண்மகன். ஸ்பானியத்தில் சுட்டடையுடன் வரும் இப்பெயர் மனித இனம் என்னும் பொதுமையையும், இன்ன மனிதன் என்னும் தனிமையையும் குறிக்கவல்லது. ஆங்கிலத்தில் சுட்டடையை இட்டால் ஒரு தனி மனிதன்; நீக்கினால் மனித இனம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். தேர்வு செய்ய மறுத்த கவிஞர் தாய்மொழித் தலைப்பை அப்படியே நிறுத்தினார். இங்கே குறுக்கீடு இல்லை, பிழை இல்லை. ஆங்கிலம் எங்கே கட்டாயப்படுத்துகிறது என்பதை இன்னொரு மொழியின் வழியே உணர்ந்த ஒருவரின் முடிவு இருக்கிறது.

4. செவியில் நின்ற யாப்பு

இரண்டாவது இடம் யாப்பு. இதனைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆங்கில மரபுக்கவிதையின் முதுகெலும்பு, ஓர் அழுத்தமற்ற அசையும் ஓர் அழுத்தமுள்ள அசையும் இணைந்த சீர், அடிக்கு ஐந்தாக வரும் அமைப்பு. ஷேக்ஸ்பியரும் மில்டனும் கீட்சும் இதில்தான் எழுதினர். ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறும் அசை ஓங்க, மற்றவை மங்கும். ‘கனடா’ என்னும் பெயரை ஆங்கிலேயர் சொல்வதைக் கேளுங்கள்: முதல் அசை தெளிவாக ஒலிக்கும், பின்னுள்ள இரண்டும் உருவிழந்து தேயும். அதே பெயரை ஸ்பானியர் சொன்னால் அழுத்தம் கடைசி அசையில் விழும். ஆயினும் மூன்று ‘ஆ’வும் தேயாமல் நிற்கும். 1945இல் கென்னத் பைக் என்னும் மொழியியலார் இவ்வேறுபாட்டைக் கருதி, அழுத்தத்தால் தாளம் கொள்ளும் மொழிகள், அசையால் தாளம் கொள்ளும் மொழிகள் எனப் பிரித்தார். பின்னர்க் கருவிகள் கொண்டு அளந்தவர்கள், எல்லைக்கோடு அவ்வளவு கூர்மையானதன்று எனக் காட்டினர். எனினும் காதுக்குப் புலப்படும் வேறுபாடு உண்மையானதே.

ஸ்பானியரின் பழைய கதைப்பாடல் யாப்பு இந்த அசைக்கணக்கின்மேல் எழுந்தது. அடிக்கு எட்டு அசை. அடியிறுதிச் சொல்லின் கடைசி அசை அழுத்தம் பெற்றால், கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்வர். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், இரண்டையும் ஒரே அசையாகச் சேர்த்து எண்ணுவர். என் நண்பன் எனப் பொருள்படும் ‘மி ஆமீகோ’ எழுத்தில் நான்கு அசை, பாட்டில் மூன்று. நம் மொழியில் நாடு, ஆண்டான் என்பவை புணரும்போது குற்றியலுகரம் மறைந்து ‘நாடாண்டான்’ என்றாவதை நினைத்துக்கொள்ளுங்கள். விதி வேறு, ஆனால் சொல்லெல்லையைக் கடந்து ஒலி ஓடும் தன்மை ஒப்பிடத்தக்கது.

இரட்டைப்படை அடிகளின் இறுதியில் மெய்கள் மாறுபட்டிருக்க, அழுத்தமுள்ள உயிரும் அதன் பின்வரும் உயிரும் மட்டும் ஒன்றிவரும். வீட்டைக் குறிக்கும் ‘காசா’, வெண்மையைக் குறிக்கும் ‘பிளாங்கா’, நாளையைக் குறிக்கும் ‘மான்யானா’ ஆகிய மூன்றும் இம்முறையில் இயைபுடையவை. எதுகையில் மெய்யையும் சேர்த்துப் பார்க்கும் நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். மெல்லிய கட்டு இது. பாடுவோரைத் தளைப்படுத்தாமல் பாட்டைச் சேர்த்துப் பிடிக்கும்.

இந்த யாப்பு ஏட்டுச் சொத்தாக நின்றுவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து பதினோரசை அடி வந்து கற்றோர் கவிதையில் கோலோச்சிய பின்னும், எட்டசை அடி மக்கள் நாவில் வாழ்ந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1936இல் கொல்லப்பட்ட பெடரிக்கோ கார்சியா லோர்க்கா, நம் காலக் கவிதையை அதே பழைய யாப்பில் எழுதினார். வில்லியம்ஸ் 1939இல் லோர்க்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இத்தாலியிலிருந்து வந்த நாகரிக நெறிக்கும் மக்கள் வாய்வழி வந்த நெறிக்கும் இடையிலான வேறுபாட்டில் அவர் மனம் அழுந்தி நின்றதை அக்கட்டுரையில் காணலாம். அவர் பேசுவது ஸ்பெயினைப் பற்றி. ஆனால் தம் நாட்டைப் பற்றிய கேள்வியும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது: இங்கிலாந்திலிருந்து வந்த ஐஞ்சீரடியா, நம் தெருவின் பேச்சா?

1941இல் அவர் முதன்முறையாகத் தாயின் தீவுக்குச் சென்று, புவேர்ட்டோ ரிக்கோப் பல்கலைக்கழகத்தில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் உரையாற்றினார். ஆங்கில யாப்பின் பிடிக்கு வெளியே வளர்ந்த ஸ்பானிய மரபு, அமெரிக்கக் கவிஞர்களுக்குத் துணையாகக்கூடும் என்பது அங்கு அவர் முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. பிற்காலத்தில் ‘பாட்டர்சன்’ என்னும் நெடுங்கவிதையின் 1948இல் வந்த இரண்டாம் பகுதியிலும், 1954இல் வந்த ‘பாலைவன இசை’ தொகுதியிலும், படிக்கட்டுப்போல மும்மூன்றாக இறங்கும் ஓர் அடியமைப்பை அவர் கையாண்டார். ஒவ்வொரு படியும் ஒரு சீர். அசைகள் கூடலாம், குறையலாம். சொல்லும் நேரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அழுத்தத்தை எண்ணும் பழைய கணக்கை அவர் இவ்வாறு கைவிட்டார்.

5. மொழிபெயர்ப்பு என்னும் பட்டறை

மூன்றாவது இடம் மொழிபெயர்ப்பு. 1916இல் ஒரு சிற்றிதழின் ஸ்பானிய அமெரிக்கச் சிறப்பிதழுக்காகத் தந்தையும் மகனும் சேர்ந்து கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் மிகேல் எர்னாண்டசின் போர்க்களக் கவிதையைப் பெயர்த்தார். 1941 பயணத்தில் சந்தித்த புவேர்ட்டோ ரிக்கோக் கவிஞர் லூயிஸ் பலேஸ் மாத்தோசின் கவிதையையும், 1950களில் பாப்லோ நெருடா, நிக்கானோர் பார்ரா, அக்டேவியோ பாஸ் ஆகியோரின் கவிதைகளையும் ஆங்கிலமாக்கினார். 1916 முதல் 1959 வரையிலான இம்மொழிபெயர்ப்புகள் 2011இல் தனி நூலாகத் தொகுக்கப்பட்டன. நாற்பதாண்டுக்கு மேல் ஒருவர் ஒரு வேலையை விடாமல் செய்தால், அதனை ஓய்வுநேரப் பழக்கம் என ஒதுக்க இயலாது. நேர்த்தியான ஸ்பானிய அடியை எடுத்து, இதனை என் அண்டை வீட்டார் பேசும் மொழியில் எப்படிச் சொல்வது என அவர் மீண்டும் மீண்டும் முயன்ற இடம் அதுவே.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அச்சான ‘நாயும் காய்ச்சலும்’ என்னும் சிறு உரைநடை நூல், கெவெதோவின் பெயரில் வழங்கியது. பெத்ரோ எஸ்பினோசா எழுதியது என இன்று கொள்ளப்படுகிறது. பழமொழிகளும் மரபுத்தொடர்களும் அடுக்கடுக்காக நெருங்கிய, மொழிபெயர்க்கக் கடினமான நூல் அது. முதுமையுற்று இடுப்பெலும்பு முறிந்து, கண்ணும் காதும் மங்கி, வீட்டில் அடைபட்டிருந்த தாயோடு அமர்ந்து அதனை மொழிபெயர்க்கத் தொடங்கினார் மகன். தாயார் ஒரு தொடருக்குப் பொருள் சொல்லத் தொடங்குவார். அது மாயாகுவேஸ் தெருவொன்றின் கதைக்கு இட்டுச் செல்லும். மகன் அதனைக் குறித்துக்கொள்வார். மொழிபெயர்ப்பு, தாயைப் பேச வைப்பதற்கான வழியும் ஆயிற்று. தாயார் 1949இல் மறைந்தார். மொழிபெயர்ப்பு 1954இல் இருவர் பெயரையும் தாங்கி வெளிவந்தது. குறிப்புகள் 1959இல் ‘ஆம், திருமதி வில்லியம்ஸ்’ என்னும் நூலாயின. ஆங்கிலமும் ஸ்பானியமும் பிரெஞ்சும் கலந்து அந்த அம்மையார் பேசிய பேச்சை, மகன் திருத்தாமல் பதிந்து வைத்த நூல் அது.

6. ஒரு தடை, அதற்கு விடை

மாணவர்களே, ஓர் ஆய்வாளர் தம் கருத்துக்குச் சான்று தேடுவதோடு நில்லாமல், எதிர்ச்சான்றையும் தேட வேண்டும். இங்கு எழக்கூடிய தடைகள் மூன்று.

ஐஞ்சீரடியைத் துறந்தவர் வில்லியம்ஸ் ஒருவரே அல்லர். வால்ட் விட்மன் 1855இலேயே அதனைச் செய்துவிட்டார். அவருக்கு ஸ்பானியத் தாய் இல்லை. எனவே கட்டற்ற கவிதைக்கு ஸ்பானியமே காரணம் எனல் பொருந்தாது. அடுத்து, வில்லியம்ஸை உருவாக்கியவை பல: கல்லூரி நண்பர் எஸ்ரா பவுண்டின் தூண்டுதல், படிமக் கவிதை இயக்கம், நியூ யார்க்கின் புதிய ஓவியர்கள், மருத்துவராக அவர் நுழைந்த ஏழை வீடுகள். போலந்திலிருந்து குடியேறிய தாய்மாரின் வாயிலிருந்தே தம் மொழி வந்தது என அவரே கூறியதுண்டு. மூன்றாவதாக, அவருடைய ஸ்பானியம் முழுமையானதன்று. குழந்தையாகக் கேட்டறிந்த மொழி அது; முறையாகக் கற்றுத் தேர்ந்ததன்று. கடினமான இடங்களில் பெற்றோரின் உதவியை நாடினார்.

முதல் இரு தடைகளையும் நாம் ஏற்கிறோம். ஸ்பானியம் பல காரணங்களுள் ஒன்றே. ஆனால் அது செய்த பணி தனித்தது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்க்கு ஐஞ்சீரடி என்பது கவிதையின் இயற்கையாகவே தோன்றக்கூடும். வீட்டில் வேறொரு தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அது பல வழக்கங்களுள் ஒரு வழக்கம். போலந்துத் தாய்மாரின் ஆங்கிலத்தைப் பிழை எனத் தள்ளாமல் பேச்சாகக் கேட்கும் செவி அவருக்கு எங்கிருந்து வந்தது? அயல்நாட்டு உச்சரிப்போடு ஆங்கிலம் பேசிய தாயின் அருகே வளர்ந்த செவி அது. இதனை நம் முடிபாகவே கூறுகிறோம். கவிஞர் வாக்குமூலமாக அன்று.

எஸ்ரா பவுண்ட் ஒரு கடிதத்தில், நீ அயலான், அமெரிக்காவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் எனக் கேலி செய்திருந்தார். வில்லியம்ஸ் அக்கடிதத்தை மறைக்கவில்லை. 1920இல் வந்த தம் நூலின் முன்னுரையில் எடுத்து அச்சிட்டார். அயலான் என்ற சொல்லே தம் கவிதைக்கு முதலாகும் என அவர் அறிந்திருந்தார் போலும்.

மூன்றாவது தடைதான் நமக்கு முதன்மையானது. அரைகுறையாக அறிந்த வீட்டுமொழியால் பயன் என்ன? இக்கேள்வியைப் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்டிருக்கின்றனர். வில்லியம்ஸின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை. அவருடைய ஸ்பானியம் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருக்காது. ஆயினும் அது பெரும்பான்மை மொழியை வெளியிலிருந்து பார்க்க ஓர் இடம் தந்தது.

7. நம் வகுப்பறைக்குத் திரும்பி

இந்நாட்டில் ஒரு குழந்தை காலையில் வீட்டை விட்டு இறங்கி மாலையில் திரும்புவதற்குள் மூன்று மொழிகளைக் கேட்டுவிடுகிறது. நம் மாணவருள் சிலருக்குத் தமிழ் வீட்டுமொழி, ஆங்கிலமும் மலாயும் பள்ளிமொழி. சிலருக்கு ஆங்கிலமே வீட்டுமொழி ஆகிவிட்டது. தமிழ் பாட்டியின் மொழியாகச் சுருங்கியிருக்கிறது. இவ்விரண்டாம் வகையினரை நாம் இழந்துவிட்டவர்களாகக் கணக்கிடுகிறோம். அவர்களுள் ஒருவர் நாளை ஆங்கிலத்தில் எழுதக்கூடும். பாட்டியின் தமிழ் அந்த ஆங்கிலத்தினுள் ஒரு சொல்லும் தெரியாமல் இருந்து பணி செய்யக்கூடும். அதற்கு முதலில் அக்குழந்தை அத்தமிழைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டதற்காக வெட்கப்படாமலும் இருக்க வேண்டும்.

இலக்கண நெறியைத் தளர்த்துங்கள் என்று கூறுவதாக எண்ண வேண்டா. நெறி வேண்டும், தேர்வும் வேண்டும். திருத்தும்போது இரண்டு வகை வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தெரியாமல் நேர்ந்த பிழை ஒன்று. அதனைத் திருத்துவது நம் கடமை. ஒருவரின் வாய்மொழியை உள்ளவாறு எழுத முயன்றதால் வந்த சொல் மற்றொன்று. அதன் அருகே பொதுத்தமிழ்ச் சொல்லை எழுதிக் காட்டுங்கள், அடித்துவிட வேண்டா. மாணவர்களுக்கு ஒரு சிறு பணியும் தருகிறோம். உங்கள் வீட்டு முதியவர் பேசும் பேச்சிலிருந்து பத்துத் தொடர்களை, எந்த மொழி கலந்திருந்தாலும், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி வையுங்கள். பொருள் விளங்காவிடில் அவரையே கேளுங்கள். ஒரு தொடருக்குப் பொருள் கேட்கப் போனால் ஒரு கதை கிடைக்கும் என்பதை ரூதர்போர்டு மருத்துவர் காட்டியிருக்கிறார்.

‘பசார்’ என எழுதிய மாணவனுக்கு இப்போது ஐம்பது வயதைக் கடந்திருக்கும். அச்சொல்லுக்கும் ஒரு வழிப்பயணம் உண்டு: பாரசீகத்தில் பிறந்து, வணிகரோடு கடல் கடந்து, மலாயில் குடியேறி, அவன் பாட்டியின் தமிழில் வந்து அமர்ந்த சொல் அது. அன்று அவனுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “தேர்வில் சந்தை என்று எழுது, தம்பி. பாட்டியைப் பற்றி எழுதும்போது பாட்டியின் சொல்லையே எழுது. எது எங்கே பொருந்தும் என்று தெரிந்துகொள்வதுதான் மொழிப்பாடம்.”